முன்னோட்டத்தில் விடுபட்டவர்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் எங்கள் பந்தய முன்னோட்டத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் வெள்ளைச் சட்டையில்தான் வந்து நிற்பார். நாங்கள் போகும் ஸ்டாக் கார் பந்தயம் நடப்பது மண் தடத்தில். ஓட்டத்துக்கு முன் தண்ணீர் அடித்து நன்றாக ஊற வைத்திருப்பார்கள். முதல் வளைவில் எல்லாக் கார்களும் ஒன்றாகத் திரும்பும்போது சேறு கம்பி வேலியைத் தாண்டி வந்து கையிலிருக்கும் தேநீருக்குள் விழும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிச் சேற்றில் குளிப்பதற்கா போகிறாய் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஆமாம், அதற்குத்தான் போகிறேன், உங்களுக்கென்ன என்று கேட்டுவிடுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் வரும் பளபளப்பான பந்தயக் கார்கள் அல்ல இவை. முன்னும் பின்னும் தடித்த இரும்பு பம்பர் வைத்து, வீட்டுக் கராஜில் சொந்தக் கையால் கட்டியவை. முன்னால் போகிறவன் வழிவிடாவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். அது குற்றமில்லை, ஆட்டமே அதுதான். ஓட்டுநரின் தரத்தைக் காரின் கூரை நிறம் காட்டும். புதியவர்களுக்கு வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு நீலம், கெட்டிக்காரர்களுக்குச் சிவப்பு. ஆனால் தொடக்கத்தில் வெள்ளைக் கூரைகளை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, சிவப்புக் கூரைகளைக் கடைசியில் நிறுத்துவார்கள். அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் பின்னாலிருந்து எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்து காட்டு என்பது விதி. எனக்கு இந்த விளையாட்டில் முதலில் பிடித்துப்போனது இந்த விதிதான். கவுன்சிலில் பார்க்கிங் அபராதப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நியாயமான விதி எப்படி இருக்கும் என்று யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

ஆண்டுக்கொருமுறை, கோடை தொடங்கும் நேரத்தில், நட்சத்திரப் பந்தய வார இறுதி வரும். நன்றாக ஓடியவர்களை மட்டும் அழைப்பார்கள். ஓர் இடத்தை ரசிகர்களின் வாக்குக்கு விடுவார்கள். சனிக்கிழமை தகுதி ஓட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை இறுதி ஓட்டம். இதில் வென்றாலும் தோற்றாலும் பருவத்தின் புள்ளிக் கணக்கில் ஏறாது. புள்ளி போய்விடுமே என்ற பயம் இல்லாததால் எல்லோரும் மனம்போல ஓட்டுவார்கள். ஆண்டு முழுவதும் அடக்கமாக ஓடும் மனிதர்கூட அன்றைக்கு வேலியோடு உரசிக்கொண்டு பறப்பார்.

லண்டனில் ஸ்டாக் கார் பார்க்கும் தமிழர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள்தான், வேறு யாரையும் எனக்குத் தெரியாது. எல்லோரையும் ஒரே வான் வண்டியில் ஏற்றிவிடலாம். டூட்டிங்கில் டயர்க்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர், அவருடைய மனைவி, சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் தம்பதி, ஐடி வேலை பார்க்கும் சில இளைஞர்கள், நான், அவர்.

அவர் என்று இனி நான் எங்கே சொன்னாலும் அது ஒருவரைத்தான் குறிக்கும். கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. நட்சத்திரப் பந்தயத்துக்கு முந்திய வாரம் நானும் அவருமாக ஒரு முன்னோட்டம் பேசிப் பதிவுசெய்து குழுவுக்கு அனுப்புவோம். யார் யார் ஓடுகிறார்கள், யாருக்கு என்ன பலம், எந்த வளைவில் நின்று பார்ப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, எல்லாம் அதில் இருக்கும். நான் யாழ்ப்பாணத்தாள் என்பதால் ஓம் என்பேன், அவர் ஆமா என்பார். குழுவில் எங்களுக்கு ஓம் அக்கா, ஆமா அண்ணா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஊருக்குப் போய்விட்டார். இந்த ஆண்டு நட்சத்திரப் பந்தயத்துக்கு வருகிறேன் என்று சொன்னார். வருவாரா, வந்தால் இங்கேயே இருந்துவிடுவாரா என்பதைத் தவிர அந்த வசந்தம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது விம்பிள்டனில். அப்போது அங்கே நாய்ப் பந்தயம் நடக்கும் ஓர் அரங்கம் இருந்தது. ஞாயிறு மாலைகளில் கார்ப் பந்தயமும் நடக்கும். பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரம். என் திருமணம் முறிந்திருந்த காலம் அது. கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "எப்படி இருக்கிறீர்?" என்று ஒருவிதமாக இழுத்துக் கேட்பார்கள். அந்த இழுவையைத் தாங்க முடியாமல் ஒரு ஞாயிறு பூசை முடியுமுன்பே வெளியே வந்து நடந்தேன். எங்கோ பெரிய இரைச்சல் கேட்டது. அது வரும் பக்கமே போய், டிக்கெட் எடுத்து, உள்ளே உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் விசாரிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய அருள் வேறொன்றும் கிடைத்திருக்காது.

மூன்றாவது நான்காவது முறை போனபோது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நீங்க தமிழுங்களா?"

நெற்றியில் கோயில் திருநீறோடு திரும்பிப் பார்த்தேன். ஒரு மனிதர் மடியில் சிப்ஸை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடியை அதன்மேல் தூவிக்கொண்டிருந்தார்.

"இல்லை, நெத்தியிலை சுண்ணாம்பு பூசியிருக்கிறன்," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்துவிட்டு, மிளகாய்ப் பொடியை நீட்டினார். மனைவி இறந்து சில ஆண்டுகளாகிவிட்டதென்று அடுத்த வாரம் சொன்னார். நான் என் கதையை அதற்கடுத்த வாரம் சொன்னேன். இரண்டையும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில்தான் சொல்லிக்கொண்டோம். அடுத்த ஓட்டம் தொடங்கியதும் பேச்சு தானாக நின்றுவிட்டது. அந்த அரங்கத்தை இப்போது இடித்துவிட்டார்கள். அங்கே கால்பந்து மைதானமும் அடுக்கு வீடுகளும் இருக்கின்றன. பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போகும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விம்பிள்டன் மூடிய பிறகு நாங்கள் லண்டனுக்கு வெளியே மூன்று மணி நேரம் வானில் போய்ப் பந்தயம் பார்க்கிறோம். முன்னோட்டம் என்ற ஒன்று தொடங்கியதும் அப்போதுதான். அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா? பதிவு என் சமையலறையில் நடக்கும். வியாழக்கிழமை வேலை முடிந்து அவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். வந்ததும் முதல் வேலையாக என் ஃபிரிட்ஜின் ஸ்விட்சை அணைப்பார். அதன் முனகல் பதிவில் விழுகிறதாம். ஒருமுறை பேசி முடித்த உற்சாகத்தில் திரும்பப் போட மறந்துவிட்டோம். மறுநாள் மாலை நான் வந்து கதவைத் திறந்தபோது வாங்கி வைத்திருந்த மீன் தன் கதையைச் சொன்னது. சைவக்காரரான அவர் அடுத்த நாள் தன் கையாலேயே மீன் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எந்த மீன் என்று கேட்கத் தெரியாமல், கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் வாங்கியிருந்தார். ஒரு வாரம் நான் மீன்தான் சாப்பிட்டேன்.

இந்த முன்னோட்டத்துக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஆட்களுக்கு நல்ல காரியத்தை முன்கூட்டிச் சொல்வதென்றால் பயம். வீடு வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்து பால் காய்ச்சும் வரைக்கும் உடன்பிறந்தவர்களிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். பிள்ளைக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தால், கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் சொல்வார்கள். முந்திச் சொன்னால் நாவூறு பட்டுவிடும், நடக்காது. இப்படிப்பட்ட சனங்களுக்கு நடக்கப் போவதை முந்திச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன் பாருங்கள்.

முதல் ஆண்டு முன்னோட்டத்தில் ஒரு சிவப்புக் கூரைக்காரரை நான் வானளாவப் புகழ்ந்தேன். உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயி. குழுவில் அந்த மனிதருக்குக் கிழங்கர் என்று பெயர். டயர்க்கடை அண்ணைக்குக் கிழங்கர்மேல் உயிர். இந்த முறை கிழங்கர்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இறுதி ஓட்டத்தில் முதல் வளைவிலேயே கிழங்கர் வேலியில் போய் ஏறினார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் அண்ணை என்னோடு பேசவில்லை. வானை விட்டு இறங்கும்போது மட்டும், "எல்லாம் உங்கடை வாய்," என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் காருக்குக் காற்றுக்கூட அடித்துத் தரவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து விதி வந்துவிட்டது. யார் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறோமோ அந்த ஓட்டுநரைப் பற்றி முன்னோட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. மற்ற எல்லோரையும் அலசலாம், அந்த ஆளை மட்டும் விட்டுவிட வேண்டும். படித்த மனிதராயிற்றே, சிரிப்பார் என்று அவரைப் பார்த்தேன். "எங்க ஊர்லயும் கண்ணு பட்டுடும்னு சொல்லுவாங்க," என்று தலையாட்டினார். அப்போதிலிருந்து கேட்கிறவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாரை விட்டிருக்கிறோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த ஓட்டுநர் வந்து கையசைத்தால் வானிலிருக்கும் எல்லோரும் எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இவர் ஒரே மகன். இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று புறப்பட்டார். ஹீத்ரோவுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுவதும் அந்த ஆண்டு ரசிகர் வாக்கில் நடந்த குளறுபடியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். அவரும் ஏதோ சொல்ல வந்தார், நானும் சொல்ல வந்தேன். பின்னால் நின்ற டாக்சிக்காரன் ஹாரனை அழுத்தினான். இரண்டு மாதம்தானே, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போதே எதற்கு வாயைத் திறந்து கெடுக்க வேண்டும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். காரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. அலுவலகத்தில் பேசி அங்கிருந்தபடியே வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். அப்பா எழுந்து நடப்பார், பிறகு மறுபடியும் படுப்பார். எங்கள் முன்னோட்டம் மட்டும் நிற்கவில்லை. அவர் தன் பங்கைக் கோயம்புத்தூரில் பேசி அனுப்புவார், நான் என் பங்கை இங்கே பேசி, இரண்டையும் கோத்து அனுப்புவேன். போனில் பேசுவதில் ஃபிரிட்ஜின் சத்தம் விழுமோ விழாதோ தெரியாது, நான் இப்போதும் அதை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். அவருடைய பதிவில் காகமும், வாசலில் காய்கறி விற்றுப்போகும் குரலும், அப்பாவின் இருமலும் கேட்கும். அவர் சொல்வதைவிட அவருக்குப் பின்னால் கேட்பதைத்தான் நான் அதிகம் கேட்டேன். அந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குக்கர் விசிலடிக்கும் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர் வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண், தலைக்கு மை பூசுகிறவள், கவுன்சிலில் எல்லோரையும் அதட்டுகிறவள், ஒரு மனிதர் என் சமையலறைக்கு வந்து என் ஃபிரிட்ஜை அணைக்க மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை பேசுவோம். வானிலை, அப்பாவின் மருந்து, கிழங்கரின் புது எஞ்சின். இருவரும் இன்னும் நீங்கள், வாருங்கள் என்று மரியாதையாகத்தான். பேசி முடித்த பிறகு போனைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பேன்.

இந்த ஆண்டு சித்திரையில் அவர் சொன்னார். "அப்பா இப்ப பரவால்லைங்க. அத்தை வந்து ஒரு மாசம் இருக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ஸ்டார் வீக்கெண்டுக்கு வர்றேன்."

"ஓம்," என்றேன்.

அன்றைக்கு முதல் நான் ஒரு முழு லூசாகத் திரிந்தேன். அபராதம் கட்ட முடியாது என்று கத்திக்கொண்டு வந்த ஒருவரிடம், பரவாயில்லை, நிதானமாகக் கட்டுங்கள் என்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரி எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். பெரிய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கினேன். அவர் தங்கப்போவது டயர்க்கடை அண்ணை வீட்டில், என் வீட்டில் இல்லை. ஆனாலும் வாங்கினேன்.

பந்தயத்துக்கு முந்திய திங்கட்கிழமை அவருடைய பதிவு வந்தது. வழக்கத்தைவிட நீளம். முதலில் ஓட்டுநர்களைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு, இந்த முறை தானும் வருவதால், சனிக்கிழமையை முழுவதுமாக விவரித்தார். ஹீத்ரோவில் டயர்க்கடை அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போவது, அண்ணையின் மனைவி செய்யும் கத்தரிக்காய்க் குழம்பு, டாக்டரம்மா கட்டிக்கொண்டு வரும் புளியோதரை, வான் நிற்கும் சர்வீஸ் ஸ்டேஷன், அங்கே தண்ணீராக இருக்கும் தேநீர், ஐடி பையன்கள் போட்டுவரும் வெள்ளைச் சட்டை. ஒருவரையும் விடவில்லை. என்னைத் தவிர.

மறுபடி கேட்டேன். இல்லை. புளியோதரை இருக்கிறது, நான் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் இங்கே ஒரு மனிதருக்காக உருகிக்கொண்டிருக்க, அவருக்குச் சர்வீஸ் ஸ்டேஷன் தேநீர் ஞாபகம் இருக்கிறது, நான் இல்லை. பதில்கூட அனுப்பவில்லை. போனைச் சோபாவில் எறிந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

வியாழக்கிழமை வந்தது. வேலை வேலைதானே. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு என் பங்கைப் பேசினேன். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று தொடங்கி, காதடைப்பான் கொண்டுவாருங்கள், வேலியோரம் நிற்காதீர்கள் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு இரண்டு பதிவையும் கோப்பதற்காக என்னுடையதைப் போட்டுக் கேட்டேன். யார் யார் வருகிறார்கள் என்று நானும் வரிசையாகச் சொல்லியிருந்தேன். அண்ணை, அண்ணையின் மனைவி, டாக்டர்கள், பிள்ளைகள். மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் வருகிறார் என்ற செய்தி, குழுவில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த செய்தி, என் பதிவில் இல்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. கோபத்தில் விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகவே அவரைத் தாண்டிப் போயிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அவருடைய பதிவு விளங்கியது. ஃபிரிட்ஜ் அணைந்திருந்ததால் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேண்டி, வேண்டியதாலேயே வாயை மூடிக்கொண்டு, கார்களையும் கிழங்கரையும் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசியிருக்கிறோம். சந்தோஷமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாகவும் இருந்தது. யார்மேல் என்று கேட்டால், எங்களுக்கு வாயை மூடப் பழக்கிய அத்தனை பேர்மேலும்தான்.

என் பதிவை அழித்துவிட்டு மறுபடியும் பேசினேன். ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்லி முடித்து, கடைசியில் இப்படிச் சொன்னேன். "இந்த முறை நான் கார் பாக்க வரேல்லை. ஆமா அண்ணா எண்டு நீங்கள் கூப்பிடுற ஆள் சனிக்கிழமை வாறார். நான் அவரைப் பாக்கத்தான் வாறன். மூண்டு வருசமா வழி பாத்துக்கொண்டிருக்கிறன். வந்தால் திரும்பிப் போக விடமாட்டன் எண்டு நினைச்சிருக்கிறன். முந்திச் சொல்லக்கூடாது எண்டு எனக்கும் தெரியும். சொல்லிப்போட்டன்." யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரியும். உடனே குழுவில் போட்டுவிட்டேன்.

முதலில் டாக்டரம்மா ஒரு பூங்கொத்துப் படம் போட்டார். ஐடி பையன்களில் ஒருவன் பத்துப் பதினைந்து நெருப்புப் படங்களைப் போட்டான். டயர்க்கடை அண்ணை நேரே போன் பண்ணினார்.

"என்ன வேலை பாத்தனீங்கள், தங்கச்சி? ஆள் பிளேனிலை ஏறட்டும், இறங்கட்டும், பிறகு சொல்லுறதுதானே? கிழங்கருக்கு நடந்தது மறந்து போச்சோ?"

"அண்ணை, அது கிழங்கர். இது நான்," என்றேன்.

அவரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டார் என்று போனில் நீலக்குறி காட்டியது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை, நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவர் அழைத்தார். குரலைக் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பாவுக்கு முடியலைங்க. விடிகாலைல மூச்சுத் திணறிப் போச்சு. ஆஸ்பத்திரில இருக்கறோம். இன்னிக்கு என்னால ஏற முடியாதுங்க."

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பத்து நாளாவது இருக்க வேண்டும் என்றார். சரி, நீங்கள் அப்பாவைப் பாருங்கள் என்றேன். என் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, நான் ஏறவில்லை, மூடிக்கொண்டு போனது.

"நீங்க சொன்னதைக் கேட்டேங்க," என்றார். "நேத்து ராத்திரி அப்பாகிட்டயும் போட்டுக் காட்டினேன். யாருடா இந்தப் பொண்ணு, இவ்வளவு தைரியமாப் பேசுதுன்னு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பதில் சொல்லாம இன்னொரு தடவை போட்டுக் காட்டினேங்க."

அந்தப் பக்கம் யாரோ நர்ஸ் அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். அலுவலகத்துக்கு நடந்தே போனேன். வழி நெடுக அழுதேன். லண்டனில் அது ஒரு வசதி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சனிக்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அத்தனை பேரும் எனக்காக இரங்குவார்கள், அந்த இழுத்த குரலை மறுபடியும் கேட்க வேண்டி வரும். ஆகவே போனேன். வானில் எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல நடத்தினார்கள். புளியோதரையை முதலில் எனக்குத்தான் நீட்டினார்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் நின்றபோது டயர்க்கடை அண்ணைக்கு அடக்க முடியவில்லை. தேநீரை ஊதிக்கொண்டே, என் பக்கம் பாராமல் சொன்னார்.

"அப்பவே சொன்னனான். முந்திச் சொன்னால் இப்பிடித்தான்."

அண்ணையின் மனைவி கணவரின் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"ஓம் அண்ணை, சொன்னன், நடக்கேல்லை," என்றேன். "ஆனால் சொல்லாமலே எத்தினை வருசம் இருந்தனான்? அப்ப மட்டும் நடந்ததோ?"

அண்ணை தேநீரைக் குடித்தார். டாக்டர் எதையோ தேடுவதுபோலப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் மறுபடி வானில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டார்கள். நான் மட்டும் உட்காராமல் நின்றேன்.

"ஒரு விசயம் சொல்லோணும். அடுத்த மாசம் நான் கோயம்புத்தூர் போறன்."

அண்ணையின் மனைவிதான் முதலில் கேட்டார். "டிக்கெட் எடுத்தாச்சோ?"

"இல்லை."

"விசா?"

"இல்லை."

"வேலையிலை லீவு தருவினமோ?"

"இன்னும் கேக்கேல்லை."

"அவருக்கெண்டாலும் தெரியுமோ?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். ஐடி பையன்கள் ஜன்னலுக்கு வெளியே லாரிகளைக் கவனமாகப் பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணை எஞ்சினைப் போடாமல் சாவியில் கையை வைத்தபடி இருந்தார். இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.

"நான் அங்கை வாறன்," என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, எப்போது என்றும் கேட்கவில்லை, எத்தனை நாள் இருப்பீர்கள் என்றும் கேட்கவில்லை.

"வா," என்றார்.